வைஸ் 3040 தின் கிளையன்ட்டில் டெபியன் 13: இன்ஸ்டால் முடியுது, பூட் ஆகமாட்டேங்குது

பச்சையாறு கேட்டது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். களக்காடு பக்கம் எங்க ஊர் படிப்பகத்துக்கு பழைய தின் கிளையன்ட் (சர்வரை நம்பி ஓடுற சின்ன கம்ப்யூட்டர்) பெட்டி அஞ்சு வந்திருக்கு. நாலு டெல் வைஸ் 3040 (ஆட்டம் எக்ஸ்5-இசட்8350, 2 ஜிபி ரேம், 8 ஜிபி இஎம்எம்சி, அதாவது போர்டிலேயே பற்றவச்ச டிஸ்க்). ஒண்ணு எச்பி டி620 (ஏஎம்டி ஜிஎக்ஸ்-217ஜிஏ, 4 ஜிபி ரேம், 16 ஜிபி எம்.2). டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைங்க பழைய கேள்வித்தாள் பிடிஎஃப் பாக்கணும், பாடநூல் பாக்கணும், தமிழ்99 விசைப்பலகையில தட்டச்சு பழகணும். அதுக்கு மேல வேலை கிடையாது. இணையம் ஃபோன் ஹாட்ஸ்பாட்தான்.

ஒரு 3040-ல டெபியன் 13 (லினக்ஸ் இயங்குதளம்) நெட்இன்ஸ்ட், அதாவது மிச்சத்தை இணையத்துல இருந்து இறக்குற இன்ஸ்டாலர், போட்டுப் பாத்தேன். வந்த தொந்தரவு இதெல்லாம்:

1. இன்ஸ்டால் ஒரு பிழையும் இல்லாம முடிஞ்சிட்டு. பென்டிரைவை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணினா பூட் செய்ய டிஸ்க் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது. ரெண்டு தடவை திரும்பப் போட்டாச்சு, அதேதான்.

2. டெஸ்க்டாப்போட போட்டதால இன்ஸ்டால் முடியும்போதே டிஸ்க் முக்காவாசிக்கு மேல நிறைஞ்சிட்டு. லிப்ரேஆபிஸ், தமிழ் எழுத்துரு எல்லாம் இனிமேதான் போடணும்.

3. பென்டிரைவில் இருந்து லைவ்வா ஓட்டிட்டு ஷட்டவுன் கொடுத்தா திரை அணையுது, பெட்டி விளக்கு அணையமாட்டேங்குது.

4. எங்ககிட்ட இருக்கிறது விஜிஏ மானிட்டர். 3040-ல ரெண்டு டிஸ்பிளேபோர்ட் மட்டும்தான்.

ஆடிக் காத்துல கரண்ட் அடிக்கடி போகும், அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

—

குறுக்குத்துறை பதில்:

முதல் கேள்விதான் முக்கியம், அதை விளக்கமாகவே சொல்கிறேன். திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து பயன் இல்லை. உங்கள் டிஸ்க்கில் டெபியன் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில் டெபியன் தன் கிரப் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) கோப்பை இஎஃப்ஐ பகிர்வில் (பார்ட்டிஷனில்) 'டெபியன்' என்ற கோப்புறைக்குள் வைக்கும். வைத்துவிட்டு, 'இங்கே இருக்கிறேன்' என்று பயாஸின் நினைவகத்தில் ஒரு குறிப்பு எழுதும். 3040-ன் பயாஸ் அந்தக் குறிப்பை நம்பிப் பூட் செய்வதில்லை. அது தேடுவது ஒரே இடம்: இஎஃப்ஐ கோப்புறை, அதற்குள் பூட் கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. பென்டிரைவ் பூட் ஆவது இதே பாதையில்தான். அதனால்தான் பென்டிரைவ் வேலை செய்கிறது, இஎம்எம்சி வேலை செய்யவில்லை.

சரிசெய்யும் வழி: அதே நெட்இன்ஸ்ட் பென்டிரைவைச் செருகி எஃப்12 அழுத்திப் பூட் செய்யுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெஸ்க்யூ மோட். மொழி, கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் இன்ஸ்டால் போலவே கேட்கும். ரூட் பகிர்வு எது என்று கேட்கும்போது எம்எம்சிபிஎல்கே0 என்பதில் ரூட் இருக்கும் பகிர்வைத் தேர்ந்தெடுக்கவும், பெரும்பாலும் பி2. அந்தப் பட்டியலில் பூட்0, பூட்1 என்று மிகச் சிறிய இரண்டு இருக்கும். அவை இஎம்எம்சி சில்லின் சொந்தப் பகுதிகள், தொடவே வேண்டாம். அடுத்து பூட்/இஎஃப்ஐ பகிர்வை மவுன்ட் செய்யவா என்று கேட்டால் 'ஆம்'. கடைசியாக வரும் பட்டியலில் 'இஎஃப்ஐ ரிமூவபிள் மீடியா பாதையில் கிரப்பை வலுக்கட்டாயமாக நிறுவு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைக் கொடுத்து ரீபூட் செய்தால் பெட்டி எழுந்துவிடும்.

இணையத்தில் பலர் கிரப் கோப்பைக் கையால் காப்பி எடுத்து, பெயர் மாற்றி அந்த இடத்தில் போடச் சொல்வார்கள். அன்றைக்கு வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து அப்டேட்டில் கிரப் மாறும்போது 'டெபியன்' கோப்புறையில் இருப்பது மட்டும் புதிதாகும், நீங்கள் வைத்த காப்பி பழையதாகவே நிற்கும். பழைய கிரப்பும் புதிய மாட்யூல்களும் ஒத்துப்போகாமல் 'சிம்பல் கிடைக்கவில்லை' என்று கிரப் ரெஸ்க்யூ திரையில் நின்றுவிடும். படிப்பகத்தில் அந்த நேரம் யார் இருப்பார்களோ, அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பெட்டி எழுந்ததும் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 தொகுப்புக்கு ஓட்டி, ரிமூவபிள் மீடியா பாதையிலும் கூடுதலாக நிறுவவா என்ற கேள்விக்கு 'ஆம்' பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்துவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டிலும் இரண்டு இடமும் சேர்ந்தே மாறும்.

பயாஸுக்குள் போக எஃப்2. கடவுச்சொல் கேட்டால் வைஸ் பெட்டிகளில் தொழிற்சாலையில் இருந்து வருவது 'ஃபயர்போர்ட்' (முதல் எழுத்து மட்டும் பெரிய எஃப், மற்றதெல்லாம் சிறியது). உள்ளே போனதும் பவர் பிரிவில் ஏசி ரெகவரி என்பதை 'பவர் ஆஃப்' ஆக்கிவிடுங்கள். காற்று நாளில் கரண்ட் பத்து நொடிக்கு ஒரு தரம் வந்து வந்து போகும். பெட்டி ஒவ்வொரு தடவையும் தானாக எழுந்து பாதியில் விழுந்தால் இஎம்எம்சியில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடி விழும். டி620-ல் இதே வசதி எஃப்10 அழுத்தினால் வரும் அமைப்பில், 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்ற பெயரில் இருக்கும்.

ஷட்டவுன் தொங்குவதும் இந்தப் பெட்டியில் தெரிந்த விஷயம். டிடபிள்யூ_டிமேக், டிடபிள்யூ_டிமேக்_கோர் என்ற இரண்டு கெர்னல் மாட்யூல்கள்தான் காரணம். மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ஒரு புதுக் கோப்பு போட்டு இரண்டையும் பிளாக்லிஸ்ட் செய்யவும். அது மட்டும் போதாது, வேறு மாட்யூல் இவற்றை இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 'இன்ஸ்டால்' வரி ஒன்று எழுதி, பின் கோப்புறையில் இருக்கும் ட்ரூ கட்டளையைக் காட்டிவிடுங்கள். பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும் கட்டளை). இதை மறந்தால் அடுத்த பூட்டிலும் பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருந்தே மாட்யூல் ஏறிவிடும். செய்து முடித்ததும் ஒலி வருகிறதா என்றும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளவும்.

மின் அடாப்டரில் கவனம். 3040-ல் 5 வோல்ட் கேட்கும் பெட்டியும் உண்டு, 12 வோல்ட் கேட்கும் பெட்டியும் உண்டு. நான்கும் ஒரே மாதிரி தெரிந்தாலும் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தனித்தனியாகப் படித்து, அடாப்டர் மேலேயே பெட்டி எண்ணை எழுதிக் கட்டிவைக்கவும்.

—

கடனாநதி பதில்:

இடம் பத்தாத விஷயத்துக்கு நான் சொல்றேன். 8 ஜிபி-ன்னு சொல்றது கணக்குல 7.3 ஜிபி அளவுதான் வரும். இன்ஸ்டாலர் தானா பகிர்வு போட்டா இஎஃப்ஐ-க்குத் தாராளமா ஒதுக்கிட்டு, ஸ்வாப்புக்கும் (ரேம் பத்தாதப்ப டிஸ்க்குல ஒதுங்குற இடம்) ஒரு பங்கு எடுத்துக்கிடும். அதனால கையால போடுங்க: இஎஃப்ஐ பகிர்வு 100 எம்பி போதும், கிரப் அதுல ஓரத்துலதான் கிடக்கும். மிச்சம் முழுசும் ரூட், எக்ஸ்டி4, நோஏடைம். ஸ்வாப் பகிர்வு வேண்டாம். அதுக்குப் பதிலா இசட்ராம்-டூல்ஸ் (ரேம்லயே சுருக்கி ஸ்வாப் வைக்கிறது) போட்டு, அமைப்புக் கோப்புல அல்காரிதம் இசட்எஸ்டிடி, சதவீதம் 50-ன்னு வையுங்க. 2 ஜிபி ரேம்ல பிரவுசர் நாலு டேப் தாங்குறது இதாலதான்.

எக்ஸ்டி4 ரூட்டுக்குன்னு 5 சதவீதம் ஒதுக்கி வச்சிருக்கும். 7 ஜிபில அது 350 எம்பி. டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்தா ஏறத்தாழ 280 எம்பி திரும்பக் கிடைக்கும்.

மென்பொருள் தேர்வுத் திரையில டெஸ்க்டாப் எல்லாத்தையும் டிக் எடுத்துட்டு, அடிப்படைக் கருவிகள் மட்டும் விடுங்க. பூட் ஆனப்புறம் ரெகமெண்ட்ஸ் (பரிந்துரையா கூடவே வர்ற தொகுப்பு) இல்லாம எல்எக்ஸ்க்யூடி-கோர், லைட்டிஎம், ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர், லிப்ரேஆபிஸ் ரைட்டர் மட்டும் (கால்க் வேணும்னா அதையும் தனியா), பிடிஎஃப்-க்கு எம்யூபிடிஎஃப். ஸ்கேன் பண்ணின பழைய கேள்வித்தாள் கனமா இருக்கும், எம்யூபிடிஎஃப் அதைப் பிரவுசரை விட ரொம்ப லேசாத் திறக்கும். ஆனா ரெகமெண்ட்ஸ் நிறுத்தினா சில சாமான் சத்தமில்லாம விட்டுப்போகும்: ஒலிக்குப் பைப்வயர், பென்டிரைவ் செருகினா தெரியறதுக்கு ஜிவிஎஃப்எஸ், யுடிஸ்க்ஸ்2, நெட்வொர்க்மேனேஜர் ஆப்லெட், பாலிசிகிட் ஏஜென்ட். இதையெல்லாம் பேர் சொல்லிப் போடணும். 'பென்டிரைவ் எடுக்கமாட்டேங்குது'ன்னு பிள்ளைங்க வந்து நிக்கறது முக்காவாசி இதனாலதான்.

டெபியன் 13-ல புதுசா ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துக்கிடுங்க. டிஎம்பி கோப்புறை இப்ப ரேம்லதான் இருக்கும், ரேம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கிடும். 2 ஜிபி பெட்டியில பெரிய தற்காலிகக் கோப்பு நாலஞ்சு டிஎம்பில போய் உக்காந்தா பெட்டியே திணறும். அதுக்கு டிஎம்பி.மவுன்ட் யூனிட்டை சிஸ்டம்சிடிஎல்ல மாஸ்க் பண்ணாதீங்க, அப்புறம் எல்லாம் இஎம்எம்சில எழுதும். அளவை மட்டும் 256 எம்பி-யாக் குறைச்சுடுங்க.

ஜர்னல் (சிஸ்டம் எழுதுற பதிவுக் குறிப்பு) 50 எம்பி-க்கு மேல போகாதபடி ஜர்னல்டி அமைப்புல கட்டிப்போடுங்க. பழைய கெர்னல் தேங்கவிடக்கூடாது, ஆட்டோரிமூவ், அப்புறம் ஆப்ட் கிளீன். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புல மாட்யூல்ஸ் என்பதை 'டெப்' (அந்தப் பெட்டிக்கு வேண்டிய டிரைவர் மட்டும்) ஆக்கினா அந்தக் கோப்பு நல்லா சுருங்கும்.

எனக்குத் தோணுற முக்கியமான விஷயம் வேற. வளர்ற சாமான் எதையும் 3040-ல வைக்காதீங்க. அந்த டி620-ஐ மாணவர் உக்கார்ற பெட்டியா ஆக்காம, மூலையில வச்சு நாலு பெட்டிக்கும் கோப்பு கொடுக்கிற பெட்டியா ஆக்குங்க. அதுல இருக்கிற எம்.2 இடம் சாட்டா மட்டும்தான் எடுக்கும், என்விஎம்இ வாங்கினா காசு தண்டம். திருகு போடுற இடம் வரை நீளத்தை அளந்துட்டு அதுக்கு ஏத்த சாட்டா எம்.2 ஒரு 128 ஜிபி போடுங்க. ரேம் டிடிஆர்3எல், 1.35 வோல்ட், லேப்டாப் குச்சி.

கேள்வித்தாள், பாடநூல் எல்லாம் டி620-ல ஒரே காப்பி. என்எஃப்எஸ் (நெட்வொர்க்ல கோப்பைப் பகிர்ற முறை) வழியா, படிக்க மட்டும் உரிமை கொடுத்து, நாலு பெட்டியிலும் காட்டுங்க. எஃப்எஸ்டேப்ல (மவுன்ட் பட்டியல் கோப்பு) நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட் ரெண்டும் கட்டாயம். இல்லேன்னா டி620 அணைஞ்சிருக்கிற அன்னிக்கு நாலு பெட்டியும் பூட்டுல ஒன்றரை நிமிஷம் வரைக்கும் அதைத் தேடிட்டே நிக்கும்.

ஹாட்ஸ்பாட் டேட்டாவும் மிச்சமாகும். டி620-ல ஆப்ட்-கேஷர்-என்ஜி போட்டுட்டு, மத்த பெட்டி இன்ஸ்டாலர்ல ப்ராக்ஸி கேக்குற இடத்துல அதோட ஐபி முகவரியும் 3142 போர்ட்டும் கொடுங்க. ஒரு தொகுப்பு ஒரு தரம்தான் இணையத்துல இருந்து இறங்கும். மிரர் எச்டிடிபி-யா இருக்கணும், எச்டிடிபிஎஸ் கொடுத்தா கேஷ்ல நிக்காது.

—

மாஞ்சோலைச்சாரல் பதில்:

டி620-ஐ சர்வராக்கப் போகிறீர்கள் என்றால் எல்டிஎஸ்பி-யையே (சர்வரில் இருந்தே பெட்டிகளை நெட்வொர்க் வழியாக எழுப்பும் மென்பொருள்) யோசிக்கலாமே? 3040-ல் ஒன்றும் நிறுவ வேண்டாம், இஎம்எம்சியைத் தொடவே வேண்டாம். டி620-ல் தேவையான மென்பொருள் எல்லாம் போட்டுவிட்டு எல்டிஎஸ்பி இமேஜ் கட்டளை கொடுத்தால், அந்த டி620-ன் நிறுவலே ஒரு ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜாகும். அடுத்து எல்டிஎஸ்பி-யின் டிஎன்எஸ்மாஸ்க், ஐபிஎக்ஸ்இ, என்எஃப்எஸ், இனிட்ஆர்டி என்ற நான்கு கட்டளைகள். ப்ராக்ஸி டிஎச்சிபி ஆக ஓடும் என்பதால் ரவுட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 3040 நெட்வொர்க் வழியாக எழும், நிரல் ஓடுவது அதன் சொந்த ரேமில், பயனர் கோப்பு எஸ்எஸ்எச்எஃப்எஸ் வழியாக சர்வரில். கரண்ட் போனால் 3040-ல் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. அப்டேட்டும் ஒரே இடத்தில்.

இரண்டு நிபந்தனை: ஜிகாபிட் ஸ்விட்ச் வேண்டும், வைஃபையில் நடக்காது. கடனாநதி சொன்ன 'மாட்யூல்ஸ் டெப்' வேலையை இந்த முறையில் செய்யக்கூடாது. டி620-ல் இருந்து எடுத்த இனிட்ராம்எஃப்எஸ்ஸில் 3040-க்கு வேண்டிய நெட்வொர்க் டிரைவர் இருக்காது.

—

குறுக்குத்துறை பதில்:

பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபது பெட்டி என்றால் நானும் எல்டிஎஸ்பி-தான் சொல்வேன். இங்கே நாலு பெட்டி, கவனிக்க நிரந்தர ஆள் இல்லை. டி620-ன் டிஸ்க்கோ ஸ்விட்ச்சோ போனால் நாலு பேரும் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தனித்தனியாக நிறுவினால் கேள்வித்தாள் மட்டும் கிடைக்காது, தட்டச்சும் மற்றதும் நடக்கும். இமேஜ் எடுத்து வைக்கும் நன்மையை வேறு விதமாகவும் பெறலாம்: ஒரு 3040-ஐ முழுமையாக முடித்து, குளோன்சில்லாவில் (டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருள்) இமேஜ் எடுத்து டி620-ல் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றுக்கும் அதையே இறக்கலாம்.

மேலே சொன்ன ரிமூவபிள் மீடியா பாதை இங்கேயும் கைகொடுக்கும். அந்தப் பாதை டிஸ்க்கிலேயே இருப்பதால், இமேஜ் இறக்கிய பெட்டி பயாஸில் எதையும் பதியாமலே எழும். இறக்கிய ஒவ்வொரு பெட்டியிலும் ஹோஸ்ட்நேம் மாற்றுங்கள், மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள், எஸ்எஸ்எச் வைத்திருந்தால் அதன் ஹோஸ்ட் சாவிகளைப் புதிதாக உருவாக்குங்கள். இந்த இமேஜை டி620-ல் இறக்க முயல வேண்டாம். 'மாட்யூல்ஸ் டெப்' போட்ட இமேஜில் இஎம்எம்சி டிரைவர் இருக்கும், சாட்டா டிரைவர் இருக்காது.

இமேஜ் எடுப்பதற்கு முன்னால் நான்கு இஎம்எம்சியின் ஆயுளையும் பாருங்கள். எம்எம்சி-யூட்டில்ஸ் தொகுப்பில் எக்ஸ்ட்சிஎஸ்டி ரீட் கட்டளை, லைஃப் டைம் எஸ்டிமேஷன் ஏ, பி என்ற வரிகள். 0எக்ஸ்01 என்றால் பத்து சதவீதத்துக்குள்தான் தேய்ந்திருக்கிறது. 0எக்ஸ்0ஏ என்றால் 90 முதல் 100 சதவீதம், 0எக்ஸ்0பி என்றால் ஆயுள் தாண்டிவிட்டது. அப்படி ஒரு பெட்டி இருந்தால் அதற்கு மட்டும் மாஞ்சோலைச்சாரல் சொன்ன எல்டிஎஸ்பி மிகப் பொருத்தம்.

—

தட்டச்சுக்காரி பதில்:

தமிழ் பற்றி யாரும் சொல்லவில்லை. எழுத்துருவுக்கு லோஹித் தமிழ், லிப்ரேஆபிஸுக்குத் தமிழ் மொழித்தொகுப்பு, தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள். அதில் தமிழ்99 இருக்கிறது.

லேசாக இருக்கட்டும் என்று ஐபஸ் இல்லாமல் எக்ஸ்கேபி-யில் (லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பு) இருக்கும் தமிழ்நெட் 99 விசைப்பலகையைப் போடும் ஆசை வரும். படிப்பகத்துக்கு அது வேண்டாம். எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஒரு எழுத்தைத் தரும், முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. தமிழ்99-ல் க, க என்று அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்தில் தானாகப் புள்ளி விழ வேண்டும். எக்ஸ்கேபி-யில் விழாது, ஒவ்வொரு முறையும் எஃப் விசையில் இருக்கும் புள்ளியை அடிக்க வேண்டியிருக்கும். பழகும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே தப்பான கைப்பழக்கம் வந்துவிடும், பிறகு தேர்வில் வேகம் வராது. ஐபஸ் எடுத்துக்கொள்ளும் கொஞ்ச ரேமைத் தாராளமாகக் கொடுங்கள்.

மானிட்டருக்கு 'டிஸ்பிளேபோர்ட் ஆண், விஜிஏ பெண்' மாற்றி. கடையில் விஜிஏ-யில் இருந்து எச்டிஎம்ஐ போகும் மாற்றியைக் காட்டுவார்கள், அது எதிர்த்திசை, படம் வராது. மாற்றி போட்ட பிறகு 18.5 அங்குல மானிட்டரில் 1024 பெருக்கல் 768 மட்டும் காட்டினால், மானிட்டர் தன் அளவைச் சொல்லும் இடிஐடி தகவல் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். முதலில் விஜிஏ கேபிளை மாற்றிப் பாருங்கள், மலிவுக் கேபிளில் அந்தக் கம்பியே இருக்காது. அப்படியும் வரவில்லை என்றால் சிவிடி கட்டளையில் 1366, 768 கொடுங்கள். அது 1368 என்று தரும், தவறில்லை, எட்டின் மடங்காக்கிக்கொள்ளும். அந்த வரியை எக்ஸ்ராண்டரில் நியூமோட், ஆட்மோட் என்று சேர்க்கவும்.

—

பச்சையாறு பதில்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. ரெஸ்க்யூ மோட்ல அந்த ஒரு வரி கொடுத்ததும் எழுந்துட்டு. ஷட்டவுனும் இப்ப ஒழுங்கா அணையுது, ஒலியும் இருக்கு. கையால பகிர்வு போட்டு, கடனாநதி அண்ணாச்சி சொன்னபடி மாத்திப் போட்டதுல லிப்ரேஆபிஸ் ரைட்டரும் தமிழும் சேர்ந்தே 3 ஜிபி-க்கு மேல காலி இருக்கு. இமேஜ் இறக்கி மூணு பெட்டி ஓடுது.

நாலாவது பெட்டியில மட்டும் ஆப்ட் அப்டேட் கொடுத்தா ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகலைன்னு வருது. பிரவுசர்ல எந்தத் தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் பிழை. பயாஸ்ல ஏசி ரெகவரி மாத்தினதும் பழையபடி ஆகிட்டு. இன்னொண்ணு, டி620-ஐப் பக்கத்துல ஊராட்சிக் கட்டடத்துல வச்சு, லேன் கேபிளை வெளியே தென்னைமரம் வழியா 40 மீட்டர் இழுக்கலாமா?

—

குறுக்குத்துறை பதில்:

நாலாவது பெட்டியின் தேதியைப் பாருங்கள், பின்னால் இருக்கும். பயாஸ் பேட்டரி செத்துவிட்டது. அமைப்பு பழையபடி ஆவதும் அதனால்தான். பெட்டியைத் திறந்து பேட்டரி எப்படிச் செருகியிருக்கிறது என்று பார்த்து அதே வகை வாங்கவும். மாற்றும் வரை சிஸ்டம்டி-டைம்சின்க்டி ஓடட்டும். ஹாட்ஸ்பாட் கிடைத்ததும் நேரம் சரியாகும், அதற்குப் பிறகு ஆப்ட் கொடுங்கள். பேட்டரி மாற்றியதும் ஏசி ரெகவரியை மறுபடி பவர் ஆஃப் ஆக்க மறக்க வேண்டாம்.

வெளியே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடியில் பக்கத்தில் எங்கே மின்னல் விழுந்தாலும் அந்த 40 மீட்டர் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, இரண்டு முனையிலும் இருக்கும் லேன் போர்ட் போய்விடும். 3040-ல் லேன் போர்டிலேயே பற்றவைத்திருப்பது, மாற்ற முடியாது. இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறு வேறு என்பது இன்னொரு ஆபத்து. டி620-ஐப் படிப்பகத்திலேயே வையுங்கள். கட்டாயம் அங்கேதான் என்றால் மீடியா கன்வர்ட்டர் ஒரு ஜோடி வாங்கி நடுவில் ஃபைபர் போடுங்கள். இரண்டு கன்வர்ட்டரும் ஒரே வேகம், ஒரே அலைநீள வகையாக இருக்க வேண்டும். ஒற்றை இழை வாங்கினால் மட்டும் ஏ, பி என்று ஜோடியாக வரும், இரண்டு ஏ வாங்கினால் இணைப்பு விளக்கு எரியாது.

—

கடனாநதி பதில்:

ஃபைபர் போட்டாலும் உள்ளே எஃகுக் கம்பி இல்லாத வகையாப் பாத்து வாங்குங்க. டிராப் கேபிள்ல தாங்குறதுக்குன்னு ஒரு எஃகுக் கம்பி சேர்ந்தே வரும். அந்த வகைதான் கிடைச்சுதுன்னா, கட்டடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கம்பியைப் பிரிச்சு வெளியிலேயே நிறுத்திடுங்க, உள்ள கொண்டுவர வேண்டாம்.